தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்கவும்

பூனா
12.6.1986

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது, அது ஒன்றுதான் குறை. நீ, மாமா, காமு எல்லோரும் சௌக்கியமா? காமுவுக்கு இருமல் விட்டதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகம் பள்ளிக்கூடங்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. பள்ளிக்கு ஆறு கம்ப்யூட்டர், நாங்கள் எழுதிய பாட புரோகிராம்கள், எல்லாம் இலவசம். பெட்டியை இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வேலை இல்லை. ஒரு தலைமையாசிரியரும் ஒரு ஆராய்ச்சிக்காரனும் ஜோடியாக உட்கார்ந்து, எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று யோசிக்க வேண்டும். வகுப்பில் என்ன நடந்தது என்று அவர் எழுத, நான் புரோகிராமைத் திருத்த வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு நான் பொறுப்பு. ஏழெட்டுப் பள்ளிகளுக்கு எழுதினேன். ஒருவர், "பரீட்சைக்கு வருமா?" என்று ஒரே வரி. இன்னொருவர், எங்கள் பள்ளியில் கக்கூஸ் இல்லை, முடிந்தால் அதை அனுப்புங்கள் என்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னிடம் கம்ப்யூட்டர்தான் இருக்கிறது.

பழைய ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகிவிட்டார், நீதான் பொறுப்பில் இருக்கிறாய் என்று மாமா எழுதியிருந்தார். நீ எடுத்துக்கொள். ஒரே நிபந்தனை: மிஷின்கள் வகுப்பறைக்குள் இருக்க வேண்டும். தனி அறை, பூட்டு, திரைச்சீலை, வாசலில் செருப்பைக் கழற்று என்கிற கதையெல்லாம் கூடாது. கும்பிடுவதற்கு ஊரில் கோயில் இருக்கிறது.

உடனே பதில் போடு. உனக்கு யோசிக்க ஒரு மாதம் ஆகும் என்று தெரியும். அவ்வளவு நாள் இல்லை.

உன் தம்பி
ஜெயவேலு


பெருங்களத்தூர்
27.6.1986

அன்புத் தம்பி ஜெயவேலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே யாவரும் நலம். காமுவின் இருமல் போய்விட்டது, இப்போது எனக்கு வந்திருக்கிறது. ஈரத்துணியை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகாதே.

ஒரு மாதம் எடுத்துக்கொள்ளவில்லை, பார். தாளாளர் துரைராஜிடம் பேசினேன். கம்ப்யூட்டர் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். "சூப்பர் டீச்சர்! ஏசி ரூம் ஒண்ணு போட்டுடலாம். எங்கம்மா பேர்ல கல்வெட்டு வெச்சிடலாம்" என்றார். பள்ளிக்கே அவருடைய அம்மா அங்காளம்மாள் பெயர்தான், இன்னும் எங்கே வைக்கப் போகிறாரோ. வகுப்பறையில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். "இன்னா டீச்சர், அம்மாம் விலை சாமான். பசங்க கையில குட்த்தா பேஜாராயிடும்" என்றார். ஆய்வகத்தின் நிபந்தனை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் சரி என்றார்.

என் நிலைமை உனக்குத் தெரியும். பொறுப்பு என்றால் பொறுப்பு மட்டும்தான். ஹெட்மாஸ்டர் அறையில் பெயர்கள் எழுதிய மரப்பலகை ஞாபகம் இருக்கிறதா? கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. அடுத்த வருஷம் கமிட்டி கூடி நிரந்தரம் செய்தால்தான் என் பெயரை எழுதுவார்கள். அந்தப் பலகையில் இதுவரை ஒரு பெண் பெயர் கிடையாது. தினமும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

அதனால் இந்த வருஷம் தாளாளர் மனம் கோணாமல் நடக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். நீ கேட்கிறாய். அனுப்பு.

அன்புடன்
அக்கா செல்லி


பெருங்களத்தூர்
4.10.1986

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மிஷின்களை மாட்ட ஆகஸ்டில் வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தாய். ஓட்டல் சாப்பாட்டை விடு, ஸ்டவ் வாங்கிக்கொள். இங்கே எல்லோரும் சுகமே.

நீ போனபிறகு நடந்ததை எழுதச் சொன்னாய். எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஆறு மிஷினும் இருக்கின்றன. பதினொரு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கி, படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே கணக்கு வகுப்பை முதல் பீரியடுக்கு மாற்றிவிட்டேன். இங்கிலீஷ் டீச்சர் புஷ்பம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு மிஷினிலிருந்து சத்தம். அட்டெண்டர் மாரி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மேடம், உள்ளாற எலி பூந்துகினு கீது. குடும்பமா கீது" என்றான். குடும்பமாகத்தான் இருந்தது.

படம் வரைகிற புரோகிராம் பிள்ளைகளுக்கு உயிர். முன்னே போ, இத்தனை டிகிரி திரும்பு என்று சொன்னால் அம்பு நகர்ந்து கோடு போடுகிறதே, அதை முதலில் மைதானத்தில் விளையாட வைத்தேன். ஒருத்தி அம்பு, ஒருத்தி உத்தரவு போடுகிறவள். முட்டிக்கொண்டு விழுந்தார்கள், கோணம் புரிந்துவிட்டது. கங்கம்மா என்று ஒரு பெண், நீ பார்த்திருக்கிறாய், இரட்டைப் பின்னல், ஒயர் எடுத்துக்கொடுத்தாளே, அவள்தான். நம் ஏரியைக் கரையோடு வரைந்துவிட்டாள்.

பின்னக் கணக்கு புரோகிராம் சரியில்லை. விடை அரை என்றால், பிள்ளைகள் நான்கில் இரண்டு என்று போடுகிறார்கள். அது சரிதானே? மிஷின் கத்துகிறது, 'தவறு' என்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். காலாண்டில் அந்த வகுப்பின் கணக்கு மார்க் முன்பைவிடக் குறைவு. இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதலாமா, இல்லை நல்லதை மட்டும் எழுதவா?

அக்கா செல்லி


பூனா
15.10.1986

அன்புள்ள அக்கா,

நான் சுகம். ஸ்டவ் வாங்கிவிட்டேன், பால் வாங்க நேரம் இல்லை.

எல்லாவற்றையும் எழுது. எலியைக்கூட எழுது. மார்க் குறைந்தால் குறைந்தது என்று எழுது. பின்னக் கணக்குப் பிழை என்னுடையது, விடையைச் சுருக்கிப் பார்க்காமல் அப்படியே ஒப்பிட்டுவிட்டேன். அரைமணி வேலை. திருத்திய ஃப்ளாப்பியை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

மைதானத்தில் விளையாட வைத்தது அபாரம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஆராய்ச்சிக்காரனுக்கு ஏன் ஹெட்மாஸ்டர் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜனவரியில் டைரக்டரும் இரண்டு பேரும் நேரில் பார்க்க வருவார்கள். புரோகிராம் எழுதினவன் அவர்களோடு வரக்கூடாது என்று விதி, நான் வரமாட்டேன். ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் நாடகம் எனக்குத் தெரியும். கேள்வி கேட்டால் வகுப்பே கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கைகளாகப் பார்த்துக் கூப்பிடுவார். இன்ஸ்பெக்டர் பூரித்துப் போவார். ஐந்து வருஷம் இடது கையைத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டையே இறங்கிப்போச்சு. அந்தக் கூத்து என் திட்டத்தில் நடந்தால் ஆறு பெட்டியையும் நானே வந்து தூக்கிக்கொண்டு போவேன். அக்கா என்றும் பார்க்கமாட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். காமுவுக்கு முத்தம்.

ஜெயவேலு


பெருங்களத்தூர்
29.1.1987

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். பூனாவில் குளிர் எப்படி? பொங்கலுக்கு வராதது காமுவுக்குக் கோபம்.

உன் டைரக்டர் வந்து போனார். தாளாளர் ஜிப்பாவும் சரிகைத் துண்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புஷ்பமும் நானும் வாசலில் சந்தனம், பன்னீரோடு நின்று வரவேற்றோம். தலைமையாசிரியையே பன்னீர் தெளிக்கிறாளே என்று டைரக்டர் கூச்சப்பட்டார். நல்ல மனிதர்.

நீ சொன்னபடியே செய்தேன். முந்தின நாள் வகுப்பில், "தெரிஞ்சவங்க மட்டும் கை தூக்குங்க. எந்தக் கை வேணா தூக்குங்க" என்றேன். பிள்ளைகள் நம்பவில்லை. "நெஜமாவா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

டைரக்டர் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். சில கேள்விகளுக்கு ஒரு கைகூட எழவில்லை. மிஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கங்கம்மா எழுந்தாள். "படம் போடறது நல்லாருக்கு சார். கணக்கு நாங்க ரைட்டாத்தான் போட்றோம். மிஷினுக்குத்தான் தெரியல" என்றாள். நான்கில் இரண்டு போட்டுக் காட்டினாள். மிஷின் கத்தியது. டைரக்டரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் தாளாளரும் சிரித்தார், பிறகு புரிந்ததும் நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது.

நீ அனுப்புவதாகச் சொன்ன ஃப்ளாப்பி இதுவரை வரவில்லை. தபாலில் தவறியிருக்கலாம்.

தாளாளர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறிப் போய்விட்டார். மாரிதான், "மேடம், பெரியவரு காரு கதவ சாத்துன சத்தம் கேட்டுச்சா?" என்றான். கேட்டது என்றேன்.

அக்கா செல்லி


பூனா
20.2.1987

அன்புள்ள அக்கா,

நலம். உனக்கு ஒரு பெரிய நன்றி.

முதலில் டைரக்டர் குதித்தார். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பிள்ளைகள் மணிமணியாகப் பதில் சொன்னார்களாம், நம்முடையது தோல்வியாம். நான் விடவில்லை. மற்ற பள்ளிகள் அனுப்பிய ரிப்போர்ட்டுகள் எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கின்றன, இது ஒன்றுதான் உண்மை என்று மேஜையில் தட்டினேன். உன் ரிப்போர்ட்டை வைத்தே நவம்பரில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன், வகுப்பறையில் கம்ப்யூட்டர் எங்கே தோற்கிறது என்று. லண்டன் மாநாட்டில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! ஜூனில் நானே போய் வாசிக்கிறேன். பள்ளிப் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டிருக்கிறேன். டைரக்டர் இப்போது கட்டுரையை எல்லோருக்கும் காட்டுகிறார். உங்கள் தாளாளருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லிவிட்டார்.

ஃப்ளாப்பி நான்தான் மறந்துவிட்டேன், கட்டுரை வேலை கழுத்தை நெரித்தது.

பலகையில் பெயர் எழுதியாகிவிட்டதா? யார் எழுதினார்கள்? எழுத்து கோணலாக இருந்தால் சொல்லு, பெயிண்டரோடு சண்டைக்கு வருகிறேன்.

ஜெயவேலு


பெருங்களத்தூர்
18.5.1987

அன்புத் தம்பிக்கு,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுத நேரம் இல்லாமல் போய்விட்டது, கோபிக்காதே. எல்லோரும் சுகம். வெயில் அதிகம். கங்கம்மா ஒன்பதாம் வகுப்புக்குத் தேறிவிட்டாள்.

லண்டனில் ஜூனிலும் குளிரும் என்று புஷ்பம் சொல்கிறாள். அவள் அண்ணன் கப்பலில் போகிறவர். ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருக்கிறேன், கை கொஞ்சம் நீளம். மடித்துக்கொள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வழக்கம்போல நடக்கிறது.

அக்கா


தாம்பரம்
30.6.1987

அன்புள்ள மச்சான் ஜெயவேலுவுக்கு,

மாமா சுப்ரமணியன் எழுதுவது. வேலை செய்யும் ரயில்வே ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் உன் அக்கா பார்த்துவிடுவாள். லண்டன் போய் வந்து சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். எனக்கு மனசு அடங்கவில்லை. மார்ச்சில் கமிட்டி கூடியது. உன் கட்டுரையை யாரோ தாளாளருக்கு வரிக்கு வரி படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "லண்டன் வரைக்கும் எங்கம்மா பேர நாறடிச்சிட்டியே டீச்சர்!" என்று எல்லோர் எதிரிலும் கேட்டிருக்கிறார். ஹெட்மாஸ்டர் பதவி அவர் தங்கை மகன் வேதாசலத்துக்கு. இவளைவிட எட்டு வருஷம் ஜூனியர். இவள் இப்போது ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள், கூடவே தையல் பீரியடும். பலகையில் வேதாசலம் பெயர் எழுதியாகிவிட்டது.

மிஷின்கள் ஏசி ரூமுக்குப் போய்விட்டன. வாசலில் செருப்பு விட ஸ்டாண்ட். தாளாளர் ரோட்டோரம் பிளாட் போட்டு விற்கிறார், நோட்டீசில் 'கம்ப்யூட்டர் பள்ளி அருகில்' என்று கொட்டை எழுத்து. பிள்ளைகள் வாரம் ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை, மச்சான். நீ கேட்டாய், அவள் செய்தாள்.

சுப்ரமணியன்


பூனா
11.7.1987

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மாமா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. என்னைத் திட்டு. நாலு மாசமாக 'வழக்கம்போல நடக்கிறது' என்றால் நான் என்ன ஜோசியக்காரனா?

இது அக்கிரமம். கல்வி அதிகாரிக்கு எழுது. நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேள். இரண்டாம் கட்டத்துக்கு உங்கள் பள்ளியை மறுபடி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! தாளாளர் ஏசி ரூமின் போட்டோவோடு டைரக்டருக்கு எழுதினாராம். இருபது மிஷின் தருகிறார்கள். தென்னிந்தியா முழுவதற்கும் என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், திறப்பு விழாவுக்கு நானும் டைரக்டரும் வருகிறோம். செப்டம்பர் பன்னிரண்டு. நல்லதாகப் போயிற்று. மேடையில், மைக்கில், அத்தனை பேர் எதிரில் கேட்கிறேன். இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு உண்மை ரிப்போர்ட் எழுதின தலைமையாசிரியை எங்கே என்று கேட்கிறேன். வேதாசலமும் அவன் மாமனும் பதில் சொல்லட்டும். வேலை போனால் போகட்டும்.

ஜெயவேலு


பெருங்களத்தூர்
2.8.1987

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். தையல் பீரியடில் ஆண்பிள்ளைகளையும் உட்கார வைத்திருக்கிறேன். பொத்தான் தைக்கிறார்கள்.

கல்வி அதிகாரிக்கு எழுத வேண்டாம். அவர் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்.

வா. எனக்கு வரவேற்புக் கமிட்டி. சந்தனக் கிண்ணம் என் கையில், பன்னீர்ச் செம்பு புஷ்பம் கையில். நீ வரும்போது தம்பி என்று காட்டிக்கொள்ளமாட்டேன், உனக்குத் தொந்தரவு வேண்டாம்.

மேடையில் கேட்பேன் என்று எழுதியிருக்கிறாய். மாமாவிடம் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே கேட்டுவிடுகிறவன். என்ன ஆனாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் ஒரு தடவை சத்தமாகக் கேட்டால் போதும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மதியம் வீட்டில் சாப்பாடு. கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன்.

அக்கா செல்லி


பூனா
20.9.1987

அன்புள்ள அக்கா,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். வண்டி ஆறு மணி நேரம் லேட். நீயும் மாமாவும் காமுவும் நலம்தானே?

சாப்பிட வர முடியவில்லை. டைரக்டருக்கு மீனம்பாக்கத்தில் விமானம், வழியனுப்பக் கூடவே போக வேண்டியதாகிவிட்டது. கத்தரிக்காய் வீணாகியிருக்கும், மன்னித்துக்கொள்.

விழாவில் நான் பேசுவதற்கு ஐந்தே நிமிஷம் கொடுத்தார்கள். கல்வி அதிகாரி வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டைரக்டர் முந்தின நாள் ராத்திரியே, இந்தத் திட்டம் நின்றுபோனால் நாற்பது பள்ளிகளுக்கு நஷ்டம் என்றார். அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். இதற்கெல்லாம் ஒரு சமயம் வரும். நான் விடமாட்டேன்.

ஏசி ரூம் மோசமில்லை, வோல்டேஜாவது ஒழுங்காக இருக்கிறது. டைரக்டர் சொன்னார் என்று மேடையிலிருந்து பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்டேன். நன்றாகவே பதில் சொன்னார்கள்.

நீ எதற்காக வாசலில் என்னை "வாங்க சார்" என்றாய்? பக்கத்தில் யாரும் இல்லை, மாரி மட்டும்தான் இருந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

சீக்கிரம் பதில் எழுது.

ஜெயவேலு


பெருங்களத்தூர்
9.11.1987

அன்புள்ள ஜெயவேலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய்.

நீ கேள்வி கேட்டபோது நான் கடைசி வரிசைக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். நான்கில் இரண்டு என்றால் எவ்வளவு என்று கேட்டாய். வகுப்பே கை தூக்கியது. பாதி வலது, பாதி இடது.

உனக்கு நேர் எதிரே கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் இடது கையைத் தூக்கியிருந்தாள். அவளுக்கு விடை தெரியும். ஜனவரியில் வாயைத் திறந்தவள் என்பதால் இனிமேல் எதற்கும் இடது கைதான் தூக்க வேண்டும் என்று வேதாசலம் சார் உத்தரவு. நீ அவளை அடையாளம் கண்டுகொண்டாய், அது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கையையும் பார்த்தாய். அவள் பாதி எழுந்தேவிட்டாள்.

நீ பக்கத்தில் இருந்த வலது கையைக் கூப்பிட்டாய்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் கிண்ணம் இருந்ததால் நான் தட்டவில்லை. கங்கம்மா கையை இறக்கச் சொல்லி யாரும் சொல்லாததால் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தாள்.

கத்தரிக்காயை மாரி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
சு. செல்லியம்மாள்
உதவி ஆசிரியை